வாழைப்பழ வாசனை அடிக்கும் பூஞ்சை

போன வருஷம் ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். தொட்டியத்திலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "மருந்தே இல்லாமல் பழம் அழுகாது! இயற்கைப் பூஞ்சையின் ஆவி காய்கனிகளைக் காக்கும்!" என்று ஆரம்பித்து, ஏகப்பட்ட ஆச்சரியக்குறிகளும் ஒரு பச்சை இலைப் படமுமாக முடிந்திருந்தது. கீழே அவர் தட்டியிருந்த ஒரே வரி: "தம்பி, இது நெசமா? நம்ம காய்க்கு ஆகுமா?"

சித்தப்பா சும்மா பொழுதுபோக்குக்குக் கேட்கிற ஆள் இல்லை. காவிரிக் கரையில் ரெண்டரை ஏக்கர் பூவன் போட்டிருக்கிறார். அந்த மாசம் சீப்பு சீப்பாக வெட்டிப் பெட்டியில் அடுக்கி வெளியூருக்கு அனுப்பிய ஒரு லோடு, மழையில் ரெண்டு நாள் தாமதமாகப் போய் இறங்கியது. பெட்டியைத் திறந்தால் சீப்புகளின் காம்புப் பக்கமெல்லாம் கருத்துக் கொழகொழவென்று இருந்ததாம். பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதியில் கொஞ்சத்தைக் கொட்டினார்கள். வருஷம் முழுக்கத் தண்ணி பாய்ச்சி, முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு காத்துக்கும் பயந்து வளர்த்த காய் கடைசி நாலு நாளில் வீணாகிப் போனது. அந்த நாலு நாளைப் பற்றித்தான் அவருடைய கேள்வி.

நான் தொழிலுக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஸ்ரீரங்கத்தில் வீடு, நவல்பட்டில் வேலை. உயிரியலுக்கும் எனக்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. ஆனாலும் ராத்திரியில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது ஒரு கெட்ட பழக்கம். "பாத்துச் சொல்றேன் சித்தப்பா" என்று பதில் போட்டேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது நாலு மாசம் இழுத்துவிட்டது. அந்த நாலு மாசக் குறிப்புகளின் தொகுப்புதான் இது.

அவசரக்காரர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி பொய் இல்லை. அப்படி ஒரு பூஞ்சை உண்டு. அதன் ஆவி பழ அழுகலை நிஜமாகவே தடுக்கிறது. ஆனால் "இயற்கை" என்ற வார்த்தையை வைத்து அதை நம்பி வாங்கக்கூடாது. ஏன் என்பதற்கு ஒரு நூறு வருஷக் கதையைச் சொல்ல வேண்டும்.

முதலில், அழுகல் எங்கே ஆரம்பிக்கிறது?

பெட்டிக்குள் போனபிறகுதான் பழம் கெடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். வாழைப்பழத்தில் கரும்புள்ளி விழுந்து குழியாகிறதே, அந்த ஆந்த்ரக்னோஸ் நோய்க்குக் காரணம் கொலட்டோட்ரைக்கம் மியூசே என்ற பூஞ்சை. அதன் வித்து காய் மரத்தில் பச்சையாக இருக்கும்போதே தோலில் வந்து உட்கார்ந்துவிடும். முளைத்து, தோலோடு ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன மெத்தை மாதிரி உறுப்பை உண்டாக்கிக்கொண்டு அப்படியே தூங்கும். காய் பழுக்க ஆரம்பித்ததும் விழித்துக்கொள்ளும். அதாவது தோட்டத்தில் பளபளவென்று இருக்கிற காயிலேயே நோய் ஏற்கனவே இருக்கிறது.

காம்புப் பக்கம் கருப்பது இன்னொரு வகை. தாரிலிருந்து சீப்பை வெட்டும்போது அந்த இடம் திறந்த புண். அந்தப் புண்ணில் அதே கொலட்டோட்ரைக்கமும், லேசியோடிப்ளோடியா, ஃபியூசேரியம் போன்ற வேறு சில பூஞ்சைகளும் கூட்டாக ஏறுகின்றன. சித்தப்பா லோடுக்கு நடந்தது இதுதான். ஏற்றுமதி வாழையில் இதைத் தடுக்க தயபெண்டசோல், இமசலில் போன்ற பூஞ்சைக்கொல்லிகளில் சீப்பை நனைப்பார்கள். நனைப்பதால் ஈரம், ஈரம் காயவில்லை என்றால் அடுத்த பிரச்சினை. மருந்து பழத்தோலிலும் தங்கும்.

ஆவி என்றால் இந்தத் தொல்லை கிடையாது. பழத்தைத் தொட வேண்டாம், நனைக்க வேண்டாம். பெட்டிக்குள் இருக்கிற எல்லா இடுக்குக்கும் காற்று தானாகப் போகும். அதனால்தான் இந்த யோசனை ஆராய்ச்சியாளர்களை விடாமல் இழுக்கிறது.

மூட்ட அறையிலிருந்து எத்திலீன் வரை

காற்றை வைத்துப் பழத்தை ஆள்வது நம் ஊருக்குப் புதுசு இல்லை. நெல் குதிரில் நொச்சி இலை போட்டு வைப்பதைப் பாட்டி காலத்தில் பார்த்திருப்போம். பூச்சியை விரட்டுவது அந்த வாசனை. வாழைத்தாரை ஒரு அறையில் அடுக்கி, வைக்கோலைக் கொளுத்தி, கதவைச் சாத்திப் புகை மூட்டம் போடுவதும் அப்படித்தான். சின்ன வயதில் அந்த அறைக் கதவைத் திறக்கும்போது வருமே ஒரு வாசனை, புகையும் பழமும் கலந்து, அது எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

அந்தப் புகையில் என்ன இருந்தது என்பதை உலகம் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. கலிஃபோர்னியாவில் பச்சை எலுமிச்சையை மஞ்சளாக்க மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறையில் வைப்பார்கள். சூட்டினால்தான் நிறம் மாறுகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். சுத்தமான சூடு தரும் ஏற்பாட்டுக்கு மாறிப் பார்த்தால் எலுமிச்சை பச்சையாகவே இருந்தது! சூடு காரணமில்லை, புகைதான் என்று புரிந்தது. 1924-இல் எஃப். இ. டென்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் புகையில் உள்ள எத்திலீன் வாயுதான் வேலை செய்கிறது என்று காட்டினார். பத்து வருஷம் கழித்து, 1934-இல், ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேயர் ஆப்பிள்கள் தாமாகவே எத்திலீனை வெளியிடுகின்றன என்று நிரூபித்தார். பழம் பழமாவதற்குத் தானே தயாரிக்கும் வாயு அது.

இந்த வரலாற்றில் நம் மார்க்கெட்டுக்கு ஒரு கசப்பான பின்கதை உண்டு. கார்பைடு கல். கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வரும். அது எத்திலீனின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, காயைப் பழுக்க வைத்துவிடும். தொந்தரவு என்னவென்றால், தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு உண்டு. அவற்றின் விஷ வாயுக்களும் சேர்ந்து வரும். அதனால் 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடைத் தடை செய்கின்றன. 2016-இல் எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்தலாம் என்று அனுமதி வந்தது. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற குளிரூட்டிய பழுக்க வைக்கும் அறைகள் அந்த வழியில் வந்தவை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிலிண்டரில் வரும் எத்திலீன் ஆலையில் செய்தது, ஆனாலும் அளவோடு இருந்தால் சிக்கலில்லை. கார்பைடில் கெடுதல் செய்வது முக்கியமாகக் கூடவே வரும் அந்தக் கலப்படம்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு வருவோம்.

ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் நடந்த விபத்து

அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்ட்ரோபெல் என்று ஒரு தாவர நோயியல் பேராசிரியர். மரங்களின் உள்ளே, மரத்துக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் குடியிருக்கிற பூஞ்சைகளைத் தேடுவது அவருடைய வேலை. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரருக்கு உதவியாக இருப்பது போல, இந்தப் பூஞ்சைகள் மரத்தை மற்ற நோய்களிலிருந்து காக்கலாம் என்பது யோசனை.

1990-களின் கடைசியில் அவர் ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து ஒரு இலவங்கப்பட்டை மரத்தின் கிளைத் துண்டுகளைக் கொண்டுவந்தார். மரம் இருந்த இடம் லான்செட்டில்லா தாவரவியல் பூங்கா. இந்தப் பெயரைத் தேடிப் போனபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பூங்காவை 1920-களின் நடுவில் தொடங்கியது யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி. உலக வாழைப்பழ வியாபாரத்தையே கையில் வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி! வாழையைப் பனாமா வாடல் நோய் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. வாழை ஆராய்ச்சிக்கும், வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்க்கவும் வில்சன் போப்பனோ என்ற தாவரவியலாளரை வைத்து அந்தத் தோட்டத்தைப் போட்டார்கள். இலவங்கப்பட்டை மரத்தின் பூர்வீகம் எது? இலங்கை. ஆக, நம் பக்கத்து வீட்டு மரம், ஒரு வாழைப்பழக் கம்பெனியின் தோட்டத்தில், பூமியின் அந்தப் பக்கத்தில்.

கிளைத் துண்டுகளிலிருந்து பலவகைப் பூஞ்சைகள் தனித்தனித் தட்டுகளில் வளர்ந்தன. அதற்குள் ஆய்வுக்கூடத்தில் சிலந்திப்பேன்கள் புகுந்துவிட்டன. அவை தட்டுக்குத் தட்டு ஊர்ந்து பூஞ்சைகளைக் கலந்துவிடும். அதைத் தடுக்க எல்லாத் தட்டுகளையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மூடி வைத்தார்கள். ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால், ஒரே ஒரு பூஞ்சையைத் தவிர மற்ற எல்லாம் வளராமல் நின்றுவிட்டன. அந்த ஒன்றின் எண் 620.

என் தொழிலில் இதற்கு இணையான ஒரு அனுபவம் எல்லாருக்கும் உண்டு. பத்து நிரல்கள் ஒரே கணினியில் ஓடும். ஒன்றைத் தவிர எல்லாம் செத்துப் போகும். செத்தவற்றின் பதிவேட்டைத்தான் நாம் முதலில் நோண்டுவோம். பிழைத்ததைச் சந்தேகப்பட அனுபவம் வேண்டும். ஸ்ட்ரோபெல் பிழைத்ததைச் சந்தேகப்பட்டார்.

தட்டுகள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் இருந்தது காற்று மட்டும்தான். சோதனையை எளிமையாகச் செய்தார்கள். ஒரு தட்டின் நடுவில் உணவுக்கூழை ஒரு பட்டையாக வெட்டி எடுத்துவிட்டு, ஒரு பக்கம் 620-ஐயும் மறுபக்கம் ஒரு நோய்ப்பூஞ்சையையும் வளர்த்தார்கள். இடைவெளியைத் தாண்டி எதிராளி செத்தது. 2001-இல் இதற்குப் பெயர் வைத்து அறிவித்தார்கள்: மஸ்கோடோர் ஆல்பஸ். "நாறும் வெள்ளை" என்று அர்த்தம் சொல்கிறார்கள். வெள்ளையாக இருக்கும், வித்து விடாது, வாசனை மட்டும் விடும்.

அந்த வாசனையில் என்ன இருக்கிறது?

குறைந்தது 28 சேர்மங்கள். ஆல்கஹால்கள், எஸ்டர்கள், அமிலங்கள், கீட்டோன்கள் என்று பல வகை. ஆய்வாளர்கள் இவற்றைக் கடையில் கிடைக்கும் ரசாயனங்களை வைத்துத் தாங்களே கலந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வகையையும் தனியாக விட்டால் நோய்ப்பூஞ்சை கொஞ்சம் சுணங்கியது, சாகவில்லை. எல்லாம் சேர்ந்தபோதுதான் செத்தது. தனித்தனியாக எஸ்டர் வகைதான் அதிகம் வேலை செய்தது, அதிலும் முன்னணியில் இருந்தது ஐசோஅமைல் அசிடேட்.

வேதியியல் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். ஐசோஅமைல் அசிடேட்டுக்கு இன்னொரு பெயர் வாழைப்பழ எண்ணெய். மிட்டாயிலும் ஐஸ்கிரீமிலும் வாழைப்பழ வாசனைக்காகச் சேர்ப்பது அதைத்தான். பழுத்த வாழைப்பழத்தின் மணத்திலும் முக்கியமான சேர்மம் அதுவே. வாழைப்பழக் கம்பெனியின் தோட்டத்து மரத்தில் குடியிருந்த பூஞ்சை, வாழைப்பழ வாசனையை ஆயுதமாக வைத்திருந்திருக்கிறது!

"அப்போ வாழைப்பழம் ஏன் தன் வாசனையாலேயே தன்னைக் காப்பாத்திக்கல?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. பழம் அந்த வாசனையை விடுவது பழுத்த பிறகு. அது பெரும்பாலும் திறந்த வெளியில் கலைந்து போகும். பூஞ்சையோ மற்ற 27 கூட்டாளிகளோடு சேர்த்து, மூடிய இடத்தில், விடாமல் விடுகிறது. கூட்டும் செறிவும்தான் வித்தியாசம்.

சந்தைக்குப் போய்த் திரும்பிய கதை

கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இருந்த அக்ராக்வெஸ்ட் என்ற கம்பெனி இதை எடுத்துக்கொண்டது. ரை தானியத்தில் பூஞ்சையை வளர்த்துக் காயவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். வேண்டும்போது தண்ணீர் தெளித்தால் உயிர் பெற்று ஆவியை விட ஆரம்பிக்கும். 2004, 2005-இல் ஜூலியன் மெர்சியேவும் மற்றவர்களும் வெளியிட்ட சோதனைகள் அருமையானவை. காயம் பண்ணி, நோய் ஏற்றிய ஆப்பிள்களை இந்த ஆவியில் வைத்தபோது அழுகல் தடுக்கப்பட்டது. பீச் பழத்திலும் பலன் கிடைத்தது. எலுமிச்சையில் பச்சைப் பூசணம் குறைந்தது. எலுமிச்சையை எத்திலீன் விட்டு மஞ்சளாக்கும் அறையிலேயே வைத்தும் பார்த்தார்கள். டென்னியின் எலுமிச்சை அறைக்குள் எண்பது வருஷம் கழித்து இன்னொரு ஆவி நுழைந்தது. திராட்சைப் பெட்டிக்குள் போடச் சின்னப் பொட்டலங்களும் சோதிக்கப்பட்டன. வித்து விடாத பூஞ்சை என்பதால் பழத்தின் மேல் பரவும் பயமும் இல்லை.

2005-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைப் பதிவு செய்தது. அராபெஸ்க் என்று வியாபாரப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. 2012-இல் அக்ராக்வெஸ்ட் கம்பெனியை பேயர் 425 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆனால் மஸ்கோடோர் பொட்டலம் ஒரு சாதாரணச் சந்தைப் பொருளாக நிலைக்கவில்லை. உயிருள்ள பூஞ்சையைக் காய்ந்த நிலையில் உயிரோடு வைத்திருப்பதும், குளிர்சாதன அறையின் குளிரில் அது மந்தமாகிவிடுவதும் எளிதில் கடக்கிற தடைகள் இல்லை.

அப்பாவின் பூஞ்சையும் பிள்ளையின் கண்டுபிடிப்பும்

கதை இங்கே முடிந்திருந்தால், "நல்ல விஷயம், நம் ஊருக்கு வரவில்லை" என்று சித்தப்பாவிடம் பெருமூச்சோடு சொல்லியிருப்பேன்.

கேரி ஸ்ட்ரோபெலின் மகன் ஸ்காட் ஸ்ட்ரோபெல் யேல் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். அப்பாவின் பூஞ்சை எப்படிக் கொல்கிறது என்பதை அவருடைய குழு நோண்டியது. 28 சேர்மங்கள் என்ற பட்டியல் கையில் இருந்தும், கொல்லும் விதம் அந்தப் பட்டியலோடு சரியாகப் பொருந்தவில்லை. ஈ.கோலை பாக்டீரியாவில், தன் டிஎன்ஏ-வில் ஏற்படும் ஒரு குறிப்பிட்ட வகைச் சேதத்தைப் பழுதுபார்க்க முடியாத வகைகளை எடுத்துச் சோதித்தார்கள். அவை மற்றவற்றைவிட வேகமாகச் செத்தன. அப்படியென்றால் ஆவியில் ஏதோ ஒன்று டிஎன்ஏ-வையே தாக்குகிறது. 2015-இல் இதைச் சொன்னார்கள். 2017-இல் ஆளைப் பிடித்தார்கள்: என்-மெத்தில்-என்-நைட்ரோசோஐசோபியூட்டிரமைடு. பெயர் நாக்கைச் சுளுக்கும். இது நைட்ரோசமைடு என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துச் சேர்மங்களை ஆய்வுக்கூடங்களில் மரபணு மாற்றங்களை வேண்டுமென்றே உண்டாக்கப் பயன்படுத்துவார்கள். புற்றுநோய் உண்டாக்குபவை என்று அறியப்பட்டவையும் அதில் உண்டு.

இதைப் படித்த ராத்திரி கொஞ்ச நேரம் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாழைப்பழ வாசனையை ரசித்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன் நான். முதல் ஆராய்ச்சி 2001. பதிவு 2005. இந்த மூலக்கூறு தெரிய வந்தது 2017. நடுவில் பன்னிரண்டு வருஷம். யாரும் ஏமாற்றவில்லை, தேடத் தெரிந்ததைத் தேடினார்கள், தேடாதது தப்பியது.

கார்பைடு கல்லை நினைத்துப் பாருங்கள். அங்கே ஆலைச் சரக்கோடு விஷக் கலப்பு வந்தது. இங்கே நூறு சதவீதம் இயற்கையான ஒரு பூஞ்சை, தன் வாழைப்பழ வாசனையோடு ஒரு விஷத்தையும் சேர்த்து விடுகிறது. பூஞ்சையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் அதிசயமே இல்லை. அது எதிரிகளைக் கொல்லத்தான் ஆவி விடுகிறது. நம் பழத்தைக் காப்பது அதன் நோக்கம் கிடையாது.

இதற்கு ஒரு வழியும் அதே குடும்பத்திலிருந்தே வந்தது. பொலிவியாவின் அமேசான் பகுதியில், அன்னாசியின் காட்டு உறவுச் செடி ஒன்றில் மஸ்கோடோர் கிரிஸ்பன்ஸ் என்ற இன்னொரு பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஆவி, வாழை இலைகளைக் கருக்கும் பிளாக் சிகடோகா நோய்ப்பூஞ்சையை ஆய்வுக்கூடத்தில் கொன்றது. பூஞ்சையை அப்படியே பெட்டிக்குள் வைக்காமல், ஆவியில் உள்ளவற்றில் உணவுக்கு மணமூட்டியாக ஏற்கப்பட்ட சேர்மங்களை மட்டும் அளந்து கலந்து பயன்படுத்தலாமே என்று யோசித்தார்கள். புகை மூட்டத்திலிருந்து எத்திலீன் சிலிண்டருக்குப் போன அதே பாதை. என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடிகிற காற்று.

வில்வமும் சுண்டைக்காயும்

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்மூர்ல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

பஞ்சாபின் பாட்டியாலாவில் உள்ள தாப்பர் பல்கலைக்கழகத்தில் சஞ்சய் சக்சேனாவின் குழு இந்தியக் காடுகளில் மஸ்கோடோர் தேடியது. டார்ஜிலிங் பக்கம், இலவங்கத்தின் உறவான கற்பூர மரத்தில் சில புதிய இனங்கள் கிடைத்தன. 2013-இல் அவர்கள் அறிவித்த இன்னொரு இனத்தின் பெயர் மஸ்கோடோர் கஷாயம். மேற்குத் தொடர்ச்சி மலையில், வயநாட்டில் வளர்ந்த ஒரு மரத்திலிருந்து எடுத்தது. என்ன மரம் தெரியுமா? வில்வம். இதைப் படித்த மறுநாள் திருவானைக்காவல் கடைத்தெருவில் வில்வ இலைக் கட்டுகளைப் பார்த்தபோது வேறு கண்ணால் பார்த்தேன். (எல்லா வில்வத்திலும் இந்தப் பூஞ்சை இருக்கும் என்று அர்த்தமில்லை. வில்வ இலையை வாழைத்தாரில் செருகினால் அழுகாது என்று தயவுசெய்து யாரும் ஃபார்வர்டு போட்டுவிடாதீர்கள்.)

இலங்கையில் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல், இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் வாழையின் காம்பு அழுகல், ஆந்த்ரக்னோஸ் பூஞ்சைகளை ஆய்வுக்கூடத்தில் அடக்குவதைக் காட்டினார்கள். குடியிருக்கும் பூஞ்சை மட்டுமில்லை, அந்த மரமே ஒரு கை பார்க்கும் போல.

நம் திருச்சியிலேயே, தோகைமலை சாலையில் தாயனூர் பக்கம், தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இலிருந்து இருக்கிறது. 2004-இல் அங்கிருந்து வந்த ஒரு ஆய்வில், பல செடிகளின் சாற்றை வாழை ஆந்த்ரக்னோஸுக்கு எதிராகச் சோதித்தார்கள். நன்றாக வேலை செய்த செடிகளில் ஒன்று நாம் வத்தக்குழம்பில் போடுகிற சுண்டைக்காய்ச் செடி. அதன் இலைச் சாறு. அது ஆவி முறை இல்லை, நனைக்கும் முறைதான். ஆனால் சித்தப்பா தோட்டத்திலிருந்து பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில், இந்த நோயை இந்த மண்ணின் வாழையில் வைத்துப் படிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

சித்தப்பாவிடம் என்ன சொன்னேன்?

பொங்கலுக்குத் தொட்டியம் போயிருந்தபோது திண்ணையில் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். ஹோண்டுராஸ் பெட்டிக் கதையை ரசித்துக் கேட்டார். நைட்ரோசமைடு வந்ததும் குறுக்கிட்டார்.

"அப்ப வேணாங்கிறியா?"

"பூஞ்சையையே பொட்டலம் கட்டி யாராவது வித்தா வேணாம் சித்தப்பா. அதுல இருந்து என்னென்ன ஆவி வருது, எவ்வளவு வருது, யாரு சோதிச்சது, நம்ம அரசாங்கத்துல பதிவு இருக்கான்னு கேளுங்க. இயற்கைன்னு மட்டும் சொன்னா, வந்த வழியே அனுப்பிருங்க."

"சரி, அந்த நாலு நாளுக்கு என்ன பண்றது?"

இதற்கு நான் படித்ததில் கிடைத்த பதில்கள் எல்லாம் சாதாரணமானவை. சீப்பை நல்ல கூரான கத்தியில் ஒரே வெட்டாக வெட்டுவது. பிய்ந்த புண்ணில்தான் பூஞ்சை சுலபமாக ஏறும். கத்தியைக் கழுவுவது. பால் வடிய விட்டு, படிகாரம் கலந்த சுத்தமான தண்ணீரில் அலசி, காம்பு காய்ந்தபிறகே பெட்டியில் அடுக்குவது. பழைய சருகும் அழுகிய பழமும் கிடக்கிற இடத்தில் காயை வைக்காமல் இருப்பது, ஏனென்றால் வித்துகள் அங்கிருந்துதான் வருகின்றன. முடிந்தால் 13, 14 டிகிரி செல்சியஸில் வைப்பது. அதற்குக் கீழே போனால் வாழைத்தோல் குளிரிலேயே கருத்துவிடும். காயைச் சீக்கிரம் ஊர் போய்ச் சேர்ப்பது. இதில் பாதி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "கத்தியக் கழுவுறதில்லதான்" என்றார். "ஆளுங்க ஒரே கத்திய வச்சு நூறு தார் வெட்டிருவானுங்க."

போன மாசம் போன் பண்ணியிருந்தார். வெட்டுகிற ஆட்களுக்கு ரெண்டு கத்தியும் ஒரு வாளித் தண்ணியும் வைத்துவிட்டாராம். தாயனூர் மையத்துக்கு ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சுண்டை இலைச் சமாசாரத்தை நேரில் கேட்க வேண்டுமாம். போய்விட்டு வந்ததும் எழுதுகிறேன்.